சாம்பலுக்குக் கூரை

“எரிஞ்ச வீடுகளை ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடு” என்று முதலாளி சொன்னபோது, லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு டிக்கெட் வாங்கித் தந்தவர் போல இருந்தது அவர் முகம்.

பொள்ளாச்சியில் பிறந்து, பெங்களூரில் ஒரு பட்டுக் கடையில் பில் எழுதிப் பிழைக்கிறவன் நான். நாற்பத்தாறு வயதில் எனக்கு இருக்கும் பயங்களை எழுத உட்கார்ந்தால் ஒரு பில் புத்தகம் போதாது. இடி, தேள், ஆற்றுப் பாலம், பஸ்ஸின் கடைசி சீட்டு, வெளியூர்த் தண்ணீர். நெருப்பு இவற்றுக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருக்கிறது.

விஷயம் இதுதான். முதலாளியின் அப்பா உத்திரமேரூர்க்காரர். பட்டு விற்றுப் பணம் சேர்ந்ததும் சொந்த ஊரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். சுற்று வட்டாரத்தில் தீ, புயல், வெள்ளம் என்றால் அன்று மாலையே கஞ்சி போய்விடும். பிறகு வீடு கட்ட மூங்கில், பனங்கை, கீற்று, பாய், பானை. நல்ல காரியம்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவர் ஒரு விதியும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். கஞ்சிக்குக் கேள்வி கிடையாது. வீட்டுக்கு மட்டும், அந்த வட்டாரத்தில் சொந்தமோ சிநேகமோ இல்லாத ஒருவன் வந்து, எரிந்த வீட்டைத் தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் ஊர்க் கோயில் சுவரில், யார் யார் சபையில் உட்காரலாம், யார் கூடாது என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே விதிகள் வெட்டி வைத்திருக்கிறார்களாம். தப்புச் செய்தவனோடு அவன் சொந்தக்காரனுக்கும் இடமில்லை என்று அதில் இருக்கிறதாம். பெரியவர் சின்ன வயதில் அந்தச் சுவரடியில் விளையாடி வளர்ந்தவர். மழைக்காக ஒதுங்கியவன் மேல் சுண்ணாம்பு ஒட்டுவது போல அவருக்கு விதி ஒட்டிக்கொண்டது.

எனக்கு அந்தப் பக்கத்தில் ஒரு காக்கையைக்கூடத் தெரியாது. ஆகவே நான் தகுதியானவன்.

பங்குனிக் காற்றில் காப்புக்காட்டுப் புதர் பற்றி, அங்கிருந்து பனந்தோப்புக்குத் தாவி, எரியும் ஓலை பறந்து வந்து பொன்னந்தாங்கல் காலனியில் இருபத்திரண்டு குடிசைகள் சாம்பலாகிவிட்டன. பட்டப்பகல். எல்லோரும் கழனியில் இருந்தார்கள். உயிர்ச்சேதம் இரண்டு ஆடுகளோடு போயிற்று. மறுநாளே தந்தி வந்தது. முதலாளி திருப்பதி போயிருந்தார். திரும்ப ஆறு நாளாயிற்று. அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னபின், எனக்குப் பல்வலி வந்தது.

பல்வலி இரண்டு நாள் நீடித்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பல்லில் ஒன்றும் இல்லை. அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும் என்று யாரோ சொன்னார்கள். கொஞ்சம் குறையட்டும் என்று கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். இதைப் படிக்கும்போது நீங்கள் சிரிக்கலாம். நானும் அப்போது சிரித்தேன்.

“எரிஞ்சு முடிஞ்சு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சுங்க” என்றாள் மனைவி. “இனி அங்க போயி எரியறதுக்கு நீங்க மட்டுந்தான் பாக்கி.” சொல்லிக்கொண்டே என் பையில் தீப்புண் களிம்பு இரண்டு குழாய் வைத்தாள். நான் கேட்டுக்கொண்டதால்.

காஞ்சிபுரத்தில் இறங்கியபோது காலை எட்டு மணி. அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பெங்களூரில் அந்நேரம் நான் ஸ்வெட்டரைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லி வாங்கினேன். எங்கள் ஊர் இட்லி பஞ்சு. இது ஆள். பல்லுக்குப் பதில் சொல்கிறது. மூன்றாவது துண்டில் சுக்கு தொண்டையில் ஏறி, கண்ணில் நீர் வந்தது. கடைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

“இன்னா சார், நாஷ்டாவுக்கே அய்வுறீங்க? உத்திரமேரூர் போறீங்களா? வந்தவாசி வண்டில ஏறுங்க, வயில எறங்கி மாத்திக்கலாம்.”

அந்த ‘வழியில்’ என்ற ஒரு சொல்லை நம்பி ஏறினேன். பஸ்ஸில் என் மடியில் ஒரு கோழி, என் தோளில் ஒருவர் தலை, ஜன்னல் கம்பியில் என் விரல். பெருநகர் வந்ததும் கண்டக்டர் விசில் அடித்து, “உத்திரமேரூர்லாம் எறங்கு” என்று என்னைப் பையோடு இறக்கிவிட்டார். செய்யாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கோயில் மதில் நிழலில் நின்றேன். நிழல் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன், பஸ் மட்டும் வரவில்லை. டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். “வண்டி வருமா?” என்று ஒருவர் கேட்டார். “வந்தா வரும்” என்றார் மற்றவர். எங்கள் ஊர்க் கால அட்டவணையைவிட இது நேர்மையாக இருந்தது.

கடைசியில் வந்த பஸ் மானாம்பதியைத் தாண்டி ஓர் ஏரிக்கரை ஓரமாகப் போனபோது, தூரத்தில் கரியாக நின்ற பனைகளையும், அதன் கீழே வரிசையாகப் பச்சை ஓலை மூடிய மேடுகளையும் பார்த்தேன். சீராக மூடி, காற்றில் பறக்காமல் கல் வைத்திருந்தார்கள். இவ்வளவு அக்கறையாக வைக்கோலைப் பாதுகாக்கிறார்களே என்று மெச்சிக்கொண்டேன். பக்கத்தில் புளியமரத்தடியில் கூட்டமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் யாரென்று யோசிக்கவில்லை. விதிப்படி நான் முதலில் ஆபீசுக்குப் போக வேண்டும்.

ஆபீஸ் என்பது உத்திரமேரூரில் முதலாளி குடும்பத்து ரைஸ்மில்லின் ஒரு மூலை. மேனேஜர் சபாபதி ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். காதில் பென்சில், கையில் கஞ்சிக் கரண்டி. அறக்கட்டளையின் அடுப்பை அவரே பார்க்கிறார்.

“வந்துட்டீங்களா? பத்து நாளா ரோட்டையே பாத்துக்கினு கீறேன் சார். பஸ்ஸு பேஜாரா?”

“பஸ்ஸு பேஜார்தானுங்க” என்றேன். பல்லைப் பற்றிப் பேசவில்லை.

சாப்பிட உட்கார வைத்தார். கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், வறுத்த கருவாடு. பெங்களூரில் இதே கேழ்வரகை உருண்டை பிடித்து, மெல்லாமல் விழுங்கச் சொல்வார்கள். இங்கே கரைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். பல் இருப்பதை இரண்டு ஊருமே நம்பவில்லை. இரண்டு சொம்பு குடித்தேன்.

கை கழுவ மில் முற்றத்துக்குப் போனவன் அப்படியே நின்றேன். மூங்கில், ஆள் உயரத்துக்கு. பனங்கை அடுக்கு அடுக்காக. கட்டுக் கட்டாகத் தென்னங்கீற்று, பாய்ச் சுருள்கள், கவிழ்த்து வைத்த பானைகள்.

“எப்போ வந்துச்சுங்க இதெல்லாம்?”

“தீ புடிச்ச மூணாம் நாளே வாங்கியாச்சு.”

“அப்புறம் ஏன் இங்க இருக்கு?”

சபாபதி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க வரலியே சார்.”

அன்று நல்ல தூக்கம் எனக்கு. அதைச் சொல்லும்போது இப்போது கூசுகிறது.

மறுநாள் காலை கஞ்சி அண்டாக்களோடு மில் டிராக்டரில் ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அண்டா மூடி எழுந்து உட்கார்ந்தது, நானும் எழுந்து உட்கார்ந்தேன். காலனிக்கு அரை ஃபர்லாங் முன்னால் வாய்க்காலில் சக்கரம் இறங்கி டிராக்டர் நின்றுவிட்டது. டிரைவர் மண்வெட்டியைத் தேட, நான் நடந்தே போகிறேன் என்று கிளம்பினேன்.

நேற்றுப் பார்த்த பச்சை மேடுகள்தான் முதலில் வந்தன. வெயில் தலையில் ஆணி அடித்தது. முழங்கால் உயரம், மேலே குளுகுளு என்று ஓலை. கல்லை ஒதுக்கிவிட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். பொதுக்கென்று உள்ளே போயிற்று.

“டேய்! ஏந்திரி! ஏந்திர்றா!”

நிமிர்ந்தால் புளியமரத்தடியிலிருந்து ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் ஓடி வருகிறது. சிலர் கையில் தடி, சிலர் கையில் பனை மட்டை. என் நாற்பத்தாறு வருடப் பயமும் ஒன்றாகக் காலில் இறங்கியது. பையைப் போட்டேன், ஒரு செருப்பை வாய்க்காலுக்குக் கொடுத்தேன், கழனி நடுவே இருந்த பம்பு செட்டு ரூமின் மேல் எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அதற்கு ஏணி கிடையாது.

கீழே நின்று ஒருவர் மூச்சு வாங்க அண்ணாந்து பார்த்தார். என் வயதுதான் இருக்கும். நரைத்த மீசை, தலையில் துண்டு. பெயர் மாணிக்கம் என்று பிறகு தெரிந்தது.

“நீங்க பெங்களூர் சாரா? ஏன் சார் ஓடுறீங்க?”

“நீங்க ஏனுங்க துரத்தறீங்க?”

“நீங்க எங்க வூட்டு மேல குந்திக்கினு இருந்தீங்களே சார்!”

கூட்டத்தில் ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். சிரிப்பு பரவியது. பெங்களூர் ஆள் நான்தான் என்றதும் சட்டென்று நின்றது. மாணிக்கம் துண்டை இடுப்புக்கு இறக்கினார். “தெரியாம டேய்னுட்டோம். மனசுல வெச்சிக்காதீங்க சார்.” எல்லோரும் கை கூப்பினார்கள். அவர்கள் வீட்டின் மேல் உட்கார்ந்தவன் நான். மன்னிப்புக் கேட்டது அவர்கள். எனக்குள் முதல் கோபம் அங்கே, பம்பு செட்டின் மேல், ஒற்றைச் செருப்போடு நின்றபோது வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

என்னை இறக்கி, சாம்பல் பக்கம் கால் வைக்காமல் வரப்பு மேலேயே கூட்டிப் போனார்கள். மாணிக்கம் ஒரு மேட்டின் ஓலையை, தூங்குகிறவர் போர்வையை விலக்குவது போல, மெதுவாகத் தூக்கினார்.

உள்ளே ஒரு வீடு எரிந்து விழுந்தது விழுந்தபடி இருந்தது. நான்கு குட்டைச் சுவர், நடுவே கரி, சாம்பல். உருகிச் சப்பையாய்ப் போன அலுமினியத் தட்டு. பாதி வெந்த கதவு நிலை. ஓர் அம்மிக்கல், அது மட்டும் எதுவும் நடக்காதது போல.

“பத்திரமா வெச்சிக்கினு கீறோம் சார். ஒரு கரித்துண்டு நவுத்தல.”

“எதுக்குங்க?”

“நீங்க பாக்கத்தான்.”

பிறகு சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்பும் இதேபோல் தீ. அப்போது இரண்டே நாளில் சாம்பலை வாரிக் கொட்டி, அங்கே இங்கே கேட்டு வாங்கின ஓலையைப் போட்டுக் குடியேறிவிட்டார்கள். அப்புறம் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் கடை ஆள்தான், எனக்கு முன்னால் பில் எழுதியவர். சுற்றிப் பார்த்தார். எல்லாம் வீடாக இருக்கிறதே, எரிந்த வீடு எங்கே என்று கேட்டார். விதிப்படி எழுதிக்கொண்டு போய்விட்டார். ஒரு கீற்று வரவில்லை.

“இந்தத் தபா உசாரா இருக்கணும்னு எல்லாம் பேசி முடிவு பண்ணிட்டோம்” என்றார் மாணிக்கம். அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “ராவும் பகலும் காவலு. நாயி பன்னி வராம, ஆடு வராம. ஏரிக்கு அந்தாண்ட நாலு பன வேவாம நின்னுச்சி, அதுல ஓல வெட்டியாந்து மூடிட்டோம்.”

பதினோரு நாள். நான் கன்னத்தில் துணி கட்டிப் படுத்திருந்த இரண்டு நாளும் அதில் அடக்கம்.

ஒவ்வொன்றாகப் பார்த்து ஃபாரத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். பதினேழாவது மேட்டில் மாணிக்கம் குறும்பாக இருமினார். “இது எஸ்தரு வூடு. இது மட்டும் நல்லா கொயுத்துப் போய்க் கீது சார்.”

“சும்மா இரு மாமா” என்றாள் புளியமரத்தடியிலிருந்து ஒரு பெண். இரண்டு கிளைகளுக்கு இடையில் ஒரு சேலை கட்டியிருந்தது. அதன் கீழே எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சிவந்த சின்ன முகம். தீப்பிடித்த அன்று கழனியிலிருந்து ஓடி வந்தவளுக்கு வலி கண்டு, மறுநாள் விடியும்போது இதே மரத்தடியில் பிறந்ததாம்.

ஓலையைத் தூக்கினால் அந்த வீட்டில்தான் சாம்பல் அதிகம். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள்.

“உள்ளத சொல்லிடுறேன் சார். முந்தாநாளு காத்துல எங்கது பாதி பறந்துடுச்சி. வூடே எரியலன்னு சொல்லிடுவீங்களோன்னு, அடுப்புச் சாம்பல வாரியாந்து கொட்டிட்டேன். அதுக்காவ இல்லன்னுடாதீங்க. எரிஞ்சது நெசம்.”

நான் சிரித்துவிட்டேன். வழக்கம்தான், சங்கடம் வந்தால் எனக்குச் சிரிப்பு முந்திக்கொள்ளும். அப்புறம் அந்தச் சேலையைப் பார்த்தேன். அதில் வெயில் பொத்தல் பொத்தலாக விழுந்து குழந்தையின் வயிற்றில் கிடந்தது. இந்தப் பக்கம் சாம்பலின் மேல் மூன்றடுக்கு ஓலை.

“ஏம்மா, இந்த ஓலையக் குழந்தைக்குப் போட்டிருக்கலாமில்ல?”

“கொயந்த நனைஞ்சா தொடச்சிக்கலாம் சார்” என்றாள் எஸ்தர். “சாம்பலு நனைஞ்சா அப்பறம் இன்னாத்த காட்டுறது?”

அவள் என்னைக் குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. இந்த ஜனங்களை யார் இப்படி ஆக்கியது? பிறந்த குழந்தையைவிடச் சாம்பலைக் காப்பாற்று என்று எந்தக் கல்வெட்டில் எழுதியிருக்கிறது? ஒருவன் நாணயத்தைச் சோதிக்க ஒரு விதி எழுதுகிறார்கள். அது அவனை வெயிலில் உட்கார வைத்துவிட்டு நிழலில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

மேற்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. கோடை மழை. மாணிக்கம் வானத்தைப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். “மய வந்துகினு கீது. ஓலய இன்னும் ரெண்டு வரிச போடுங்கடா.” சாம்பலுக்குத்தான்.

டிராக்டரில் திரும்ப மில்லுக்கு வந்ததும் ஃபாரத்தைச் சபாபதி மேஜையில் அடித்து வைத்தேன். “பார்த்தாச்சு. கையெழுத்துப் போட்டாச்சு. ஏத்துங்க.”

“இது பெங்களூர் போவணும் சார். மொதலாளி ஒப்புதல் கடுதாசி வந்தாத்தான்...”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மில் ஆட்கள் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தது நினைவிருக்கிறது. நான் கோபப்பட்டால் குரல் கீச்சென்று போய்விடும், யாரும் பயப்பட மாட்டார்கள். சபாபதியும் பயப்படவில்லை. “அது எனக்குத் தெரியாதா சார்? டெய்லி கஞ்சி ஊத்துறவன் நானு. அவுங்க மூஞ்சியப் பாத்துக்கினே ஊத்துறேன். கீத்து எங்க, கீத்து எங்கன்னு அண்டாவே என்னைக் கேக்குது. வாங்க, டிரங்கால் போடலாம்.”

தபாலாபீசில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஜன்னல் வழியே மேகம் வளர்வதைப் பார்த்துக்கொண்டு. லைன் கிடைத்தபோது முதலாளி ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெல்லும் சத்தம் கேட்டது.

“ஃபாரத்தை எடுத்துக்கிட்டு வா. திங்கக்கிழமை உட்கார்ந்து பார்ப்போம்.”

“மழை வருதுங்க.”

“இங்கேயும்தான் மேகமா இருக்கு.”

“பச்சக் குழந்தை ஒண்ணு வெளியில கிடக்குதுங்க.”

“அப்பா எழுதி வெச்ச விதிப்பா. நான் ஒருத்தன் மாத்த முடியுமா?” லைன் போய்விட்டது.

நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்யெல்லாம் பல்வலி மாதிரிப் பொய்கள், என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னவை. மாதச் சம்பளம், மகள் காலேஜ், வாடகை எல்லாம் அந்தச் செத்துப்போன லைனில் இரைந்தன. “சரிங்க” என்றேன் உரக்க. “ரொம்பச் சந்தோஷமுங்க. இன்னைக்கே ஏத்திடறோம். வெச்சிடறேனுங்க.”

திரும்பினேன். சபாபதி ஓரடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். தபாலாபீஸ் போனில் அந்தப் பக்கம் பேசுவது தெருவுக்கே கேட்கும்.

“சரின்னாரா?” என்றார்.

“சரின்னார்.”

காதிலிருந்த பென்சிலை எடுத்து, ஒருமுறை பார்த்து, திரும்பச் செருகிக்கொண்டார். “எனக்குக் காது கொஞ்சம் மந்தம் சார். நீங்க சொன்னா சரி.” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மில்லை நோக்கி ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை.

டிராக்டர் காலனிக்குப் போய்ச் சேர்ந்தபோது காற்று கிளம்பிவிட்டது. மூங்கிலும் கீற்றும் இறங்கின. ஆனால் ஒருவரும் மேடுகளின் ஓலையைத் தொடவில்லை. சாமான்களைப் பார்த்தார்கள், மேட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

“அள்ளிக் கொட்டிட்டுக் கம்பு நடுங்கய்யா!” என்றேன்.

“அள்ளலாந்தான்” என்றார் மாணிக்கம். “நீங்க பூட்ட பெறகு வேற யாராச்சும் வந்து, எரிஞ்சது எங்கன்னு கேட்டா?”

“யாரும் வர மாட்டாங்க.”

“அப்பயும் அப்பிடித்தான் சொன்னாங்க சார்.”

முதல் துளி என் மூக்கில் விழுந்தது. புளியமரத்தடியில் குழந்தை அழத் தொடங்கியது. எஸ்தர் அதை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். பதினேழாவது மேட்டின் முன் நின்றாள். யாரையும் கேட்கவில்லை. ஓலையைப் பிடித்து இழுத்தாள். ஓர் அடுக்கு, இரண்டு அடுக்கு, மூன்று, கடைசி வரை. மழை நேராகச் சாம்பலில் இறங்கியது. அடுப்புச் சாம்பலும் வீட்டுச் சாம்பலும் ஒரே கறுப்புத் தண்ணீராகி வாய்க்காலைப் பார்த்து ஓடின. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், பத்திரத்தை யாரோ கிழிப்பது போல.

“இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? கம்ப எடுங்க!” என்றாள் எஸ்தர்.

அப்புறம் ஒரே களேபரம். புளியமரத்தை ஒட்டி நான்கு மூங்கில் நட்டார்கள். ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன். இடி இடித்தது. நான் போட்ட அலறலில் கீற்றுக் கட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றை விட்டுவிட்டார். பெண்கள் சிரித்த சிரிப்பு இடியைவிடப் பெரிது. சாய்ப்பாக ஒரு கூரை நின்றது. எஸ்தரும் குழந்தையும் அதற்குள் போனார்கள். “சாரையும் உள்ள இஸ்துக்கோங்க” என்றாள் அவள். “நனைஞ்சா அவுரும் கரைஞ்சிடப் போறாரு.”

உள்ளே உட்கார்ந்தேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. கீற்றில் மழை கொட்டும் சத்தத்தில் எனக்குக் கொஞ்ச நேரம் எந்தப் பயமும் இல்லை. ஒரு மனிதனுக்கு இவ்வளவுதான் வேண்டியிருக்கிறது, அதை ஒரு மில் முற்றத்தில் எட்டு நாள் அடுக்கி வைத்திருந்தோம்.

மூன்றாம் நாள் காலை வானம் கழுவி விட்டது போல இருந்தது. ஊருக்குக் கிளம்புமுன் ஒருமுறை பார்க்கலாம் என்று கஞ்சி டிராக்டரில் வந்தேன். எங்கும் கம்பு நடுகிற சத்தம். சுவருக்கு மண் குழைக்கிறார்கள். சாம்பலை எருவாகக் கூடையில் அள்ளிக் கழனிக்குக் கொண்டுபோகிறார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எண்ணிக்கொண்டே நடந்தேன். இருபத்தொன்று.

கடைசியில் ஒரு மேடு அப்படியே இருந்தது. பச்சை ஓலை, மேலே கல். பக்கத்தில் அந்த வீட்டுக்குக் கொடுத்த மூங்கிலும் கீற்றும் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. ஓர் ஈரப் பாய் மரத்தடியில் உலர்ந்துகொண்டிருந்தது. மாணிக்கத்தின் வீடு. அவர் காவலாக அங்கேயே நின்றிருந்தார்.

“இது ஏங்க?”

“இருக்கட்டும் சார்.”

“ஏன் இருக்கணும்?”

“ஒண்ணாவது இருக்கணுமில்ல?” சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். “நாளிக்கு வேற ஆளு வந்து நின்னா, எல்லாருக்கும் சேத்து இத்த காட்டுவேன். எல்லாருக்கும் வூடு ஆவட்டும். நான் ஒண்டிக்கட்ட. எனக்கு இன்னா அவசரம்?”

“நான் எழுதிட்டேனுங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்!”

“நீங்க நல்லவுரு சார்.” அவ்வளவுதான் பதில். அதில் ‘ஆனால்’ என்ற சொல்கூட இல்லை.

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. ஓலையை வாரி வீசினேன். மில்லில் கடன் வாங்கிய செருப்போடு உள்ளே இறங்கிச் சாம்பலை மிதித்தேன், உதைத்தேன். கரி பறந்தது, கண்ணில் விழுந்தது, இருமல் வந்தது. “இல்லை, எரிஞ்ச வீடு இல்லை, இனிமே கட்டுங்க” என்று கீச்சுக் குரலில் கத்தினேன். மண் குழைத்தவர்கள் நிமிர்ந்தார்கள். இந்தத் தடவை யாரும் ஓடி வரவில்லை, யாரும் சிரிக்கவில்லை. மாணிக்கம் என்னைத் தடுக்கவில்லை. துண்டால் என் முகத்துக் கரியைத் துடைத்துவிட்டார். “பஸ்ஸு வர்ற நேரம் சார்” என்றார்.

ரோட்டில் பஸ் ஏறினேன். கடைசி சீட்டுதான் கிடைத்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டார், காதில் விழவில்லை. பின்பக்கக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். மாணிக்கம் குந்தி உட்கார்ந்து, நான் இறைத்த சாம்பலை இரண்டு கையாலும் ஓசையில்லாமல் நடுவுக்குக் கூட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து ஓலையை எடுக்கப் போனார்.